கண்ணாடி கொண்டுவராதவள்

அவள் டிரைவர் ஐயாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் எல்லோரும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடும் வேலை அது. வயதானவர்களின் நகம் கொம்பு மாதிரி தடித்திருக்கும். ஊறவைக்காமல் வெட்டினால் சதையோடு பிய்ந்து வரும். அவள் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பாள். கால் ஊறும்வரை அவரிடம் பழைய பஸ் வழித்தடக் கதைகளைக் கேட்பாள். பிறகு விரல் இடுக்குகளைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு நகவெட்டியைக் கையில் எடுப்பாள். ஓரங்களை வளைக்காமல் நேராக வெட்டுவாள். நான் அவளுக்கு அதை ஒரே ஒரு முறைதான் செய்து காட்டியிருந்தேன்.

"பிரேக் மிதிச்ச காலும்மா. மெதுவா" என்றார் டிரைவர் ஐயா.

"இப்ப எந்த பஸ்ஸ நிறுத்தப் போறீங்க? ஆட்டாம வைங்க."

அவளுடைய மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மற்றவர்கள் ஒரு செய்தியை எவ்வளவு நேரம் பார்ப்பார்களோ அவ்வளவு நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"சிஸ்டர், கண்ணாடி கொண்டு வரல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் விழுந்திருந்தது. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவள் மூக்கின்மேல் கண்ணாடியை யாரும் பார்த்ததில்லை. "லாக்கர்ல பூட்டி வச்சிருக்கா, கல்யாணத்துக்குத்தான் எடுப்பா" என்பார் சமையல்காரர். எல்லோரையும்விடச் சத்தமாக அவள்தான் சிரிப்பாள்.

செய்தி அவள் மகளின் பள்ளியிலிருந்து வந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிப்பைப் பார்க்கப்போகிறார்கள், அடுத்த வாரம், பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும். அவ்வளவுதான். நான் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். நகவெட்டி டிரைவர் ஐயாவின் பெருவிரல்மேல் அப்படியே நின்றிருந்தது.

"என்னம்மா, வண்டி நின்னுபோச்சு?" என்றார் அவர்.

மிச்ச விரல்களை வெட்டி முடித்தாள், வாளித் தண்ணீரைக் கொட்டினாள், துண்டைத் துவைக்கப் போட்டாள். கைகள் வேலையைச் செய்தன. முகத்தில் மட்டும் இரத்தம் இல்லை.

நான் ஆட்களை அவர்கள் கைகளை வைத்து எடைபோடுகிறவள். பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது. அவளைப்போல ஒரு கை எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை வலிக்காமல் புரட்டுவது, ஈர விரிப்பை உருவிக் காய்ந்ததைச் செருகுவது, பக்கவாதம் வந்தவர் விழுங்குகிறாரா, கன்னத்தில் அடக்கிவைத்திருக்கிறாரா என்று தொண்டையைப் பார்த்தே சொல்வது எல்லாம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டன. தேர்வு வாய்மொழியாக நடந்தது. அவள்தான் முதல். எங்கள் இல்லத்தில் மருந்தைப் பராமரிப்பாளர்கள் தொடுவதில்லை, அது நர்சுகளின் பொறுப்பு. கட்டிலில் தொங்கும் குறிப்பட்டையை, காலையில் பொறுப்பு மாறும்போது யாராவது உரக்க வாசிப்பார்கள். அவளுக்கு அது ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். எழுத வேண்டிய இடம் வந்தால், "என் கையெழுத்த நானே திரும்பப் பாத்தா பயந்துருவேன், நீ எழுதும்மா" என்று பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள்.

அவள் அப்பா கொத்தனார். அம்மா துணிக்கு இஸ்திரி போடும் கடையில் வேலை பார்த்தார். மூன்று பெண்களில் இவள் நடுவில் பிறந்தவள். அக்காவும் தங்கையும் சாதாரணமாகப் படித்தார்கள், இவளுக்கு மட்டும் வாசிப்பு வரவில்லை. எழுத்து ஆடும், ஓடும் என்றெல்லாம் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவளுக்கு அப்படி எதுவும் கிடையாது. எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தவுடன் வர வேண்டிய சத்தம்தான் வராது. முட்டிமோதி வந்தாலும், அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் சத்தம் கழன்றுவிடும்.

வகுப்பில் பெஞ்சு வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வேண்டும். இவள் முன்னால் இருக்கும் தலைகளை எண்ணுவாள். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, பக்கத்துப் பெண்ணிடம் அதை ரகசியமாகச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்வாள். முறை வந்ததும் எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு 'வாசிப்பாள்'. இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. ஒரு நாள், முறை இவளிடம் வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளை வாந்தி வருகிறது என்று எழுந்து ஓடிவிட்டது. வரிசையில் ஒரு தலை குறைந்தது. இவளுக்கு அது உறைக்கவில்லை. எழுந்து நின்று, அடுத்தவளுக்கு உரிய பத்தியை அழகாக ஒப்பித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியர், இவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து, சரியான பத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாளிலிருந்து கடைசி மூலையில், துடைப்பம் சாத்திவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அவள் இடம். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் வாசிக்கச் சொல்லவே இல்லை. பள்ளியை விட்டு நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமானபோது கணவருக்கும் தெரியாது. அவர் வெல்டர். கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஒரு தடவை சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரித்தார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, தன் சொந்த அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

மகளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லும், நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டுச் சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டும். முதல் வகுப்பில் எல்லாப் பாடமும் தலைகீழாக ஒப்பிக்கும். வகுப்பாசிரியை, "உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்று தாயைக் கூப்பிட்டுச் சொன்னார்.

தாய்க்கு அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடை நினைவிருக்கிறது. ஏனென்றால் முந்தின மாலையே அவள் பார்த்துவிட்டிருந்தாள். பிள்ளை புத்தகத்தில் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தது. வாய் மூன்று சொல் முன்னால் போய்க்கொண்டிருந்தது, விரல் பின்னால் எங்கோ நின்றது. ஆசிரியை கண்ணில் அது படாது, தகப்பன் கண்ணில் படாது. அதே வேலையைச் செய்து பழகியவள் கண்ணில் உடனே பட்டது. பிற்பாடுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

அப்போது வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு வேலை செய்தாள். தெருவில் எந்த நாய் கடிக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தருவது மாதிரி, தனக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் மகளுக்குச் சொல்லித்தந்தாள். நன்றாக வாசிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்கார். அவர்கள் உதட்டைப் பார். முதலில் படத்தைப் பார்த்துக்கொள். தடுமாறினால் இருமு, தண்ணீர் குடி. 'நீங்க முதல்ல சொல்லுங்க' என்று சிரித்துக்கொண்டே கேள், சிரிக்கிற பிள்ளையை யாரும் திட்ட மாட்டார்கள். மாலையில் தகப்பன் மறுநாள் பாடத்தை இரண்டு தடவை உரக்க வாசிப்பார். ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வகுப்பு பாதி ஓடிவிட்டது. பள்ளியில் ஒருவருக்கும் துளி சந்தேகம் வரவில்லை.

செய்தி வந்ததிலிருந்து அவள் வேலையில் இல்லை, உடம்பு மட்டும் வந்து போனது. குளிப்பாட்டும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க மறந்தாள். நான் பார்த்துவிட்டு வாளியை நகர்த்திவைத்தேன். தேநீர் இடைவேளையில் அவளை உட்காரவைத்தேன்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு கிழவிய வேகவைக்கப் பாத்த?"

கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஸ்கூல்ல கடைசி ரூமுக்குப் புதுசா ஒரு டீச்சர் வந்திருக்காங்களாம். மண்டையில ஏறாத பிள்ளைங்கள அங்க தள்ளப்போறாங்கன்னு கேட்டாண்ட நிக்கிற அம்மாங்க பேசிக்கிறாங்க. சிஸ்டர், அங்க போட்டா திரும்ப வெளிய விடுவாங்களா?"

"ஜெயிலா அது?"

"எனக்கு அப்படித்தான் தெரியுது."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நல்ல புத்தி இருந்தும் வாசிப்பு மட்டும் வராத பிள்ளைகள் உண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். சோம்பேறித்தனமும் இல்லை, கண் கோளாறும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம். சின்ன வயதிலேயே பிடித்துவிட்டு, அதற்குரிய முறையில் சொல்லிக்கொடுத்தால் வாசித்துவிடுவார்கள். மெதுவாக இருக்கலாம், ஆனால் வாசிப்பார்கள்.

"டிஸ்லெக்சியான்னு அதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றேன்.

"எனக்கும் பேர் வச்சாங்க சிஸ்டர்" என்றாள். "மக்குன்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று எழுந்து, குடிக்காத தேநீரைக் கொட்டிவிட்டு, படுக்கை மாற்றப் போய்விட்டாள்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை வெல்டரே பிற்பாடு என்னிடம் சொன்னார். சாயங்காலம் ஆனால் புத்தகம்தான். முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம்வரை அவர் வாசிக்க, பிள்ளை சொல்ல, தாய் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று சரிபார்க்க. "பட்டறையில மெஷினுக்கு மேல கத்துனதவிட அந்த வாரம் பாடம் வாசிச்சுத்தாங்க தொண்ட போச்சு" என்றார். பிள்ளை முழுப் புத்தகத்தையும் விழுங்கிவிட்டது. காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொண்டது.

குறித்த நாளில் வெல்டருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "ஏதாவது எழுதச் சொன்னாங்கன்னா... நீங்க கூட வர்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். எனக்கு அன்று மதியத்துக்குமேல் வேலை இல்லை. போனேன்.

கடைசி அறை சின்னது. நடுவில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஒரு கை எண்ணிக்கைக்குமேல் உட்கார முடியாது. ஜன்னலில் பச்சைத் துணி. ஒரு தட்டு நிறைய மணல், கெட்டி அட்டையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்துகள், ஒரு டப்பாவில் கலர் கட்டைகள். வாசிப்பு டீச்சர் சின்னப் பெண். நல்ல ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. தாயும் நானும் சுவரோரம் உட்கார்ந்தோம்.

டீச்சர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தார். ரேடியோ படத்தைப் பார்த்தது, தொண்டையைச் செருமியது, ஆரம்பித்தது. தங்குதடையே இல்லை. கேள்விக்குறியில் குரல் ஏறி இறங்கியது. இன்னொரு பக்கம், அதுவும் அப்படியே. என் பக்கத்தில் இருந்தவள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"சூப்பர்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டார் டீச்சர். "இப்ப ஒரு விளையாட்டு. இந்த அட்டையில இருக்கிறதெல்லாம் பொய் வார்த்தை. அர்த்தமே கிடையாது. வேற ஒரு உலகத்துல இருக்கிற மிருகங்களோட பேருன்னு வச்சுக்கோ. வாசி பாக்கலாம்."

நான் எட்டிப் பார்த்தேன். 'மிடுபா' என்று இருந்தது. அதற்குக் கீழே 'தோனிகு', 'லபுசே'. படம் இல்லை.

பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்தது. பின்பக்கமும் படம் இல்லை. இருமியது. தண்ணீர் குடித்தது. சிரித்தது. "நீங்க முதல்ல சொல்லுங்க டீச்சர்."

"இல்லம்மா, நீதான் முதல்ல."

தாயின் கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடியின் விரல் அச்சு சாயங்காலம்வரை இருந்தது. பிள்ளை தாயைப் பார்த்தது, அட்டையைப் பார்த்தது. பிறகு தன் சட்டைப் பையை ஒரு தட்டு தட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நான் தினமும் கேட்கும் அதே குரலில் சொன்னது:

"கண்ணாடி கொண்டு வரல டீச்சர். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

வேறு இடமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"உனக்குக் கண்ணாடி இருக்கா?" என்றார் டீச்சர்.

"எனக்கு இல்ல. அம்மாக்கு இருக்கு. அவங்களும் கொண்டு வர மாட்டாங்க."

டீச்சர் தாயைப் பார்த்தார். "கண்ணுல ஏதாவது பிரச்சினை இருக்கா? தூரத்துல தெரியலன்னு சொல்வாளா? புத்தகம் நல்லா வாசிக்கிறா, சின்ன எழுத்து அட்டையப் பாத்ததும் தயங்குறா. ஒருவேளை..."

அறையில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அவள் அதற்குள் ஓடினாள்.

"ஆமா டீச்சர். கண்ணுதான். கண்ணுதான் அவளுக்கு."

"சரி, அப்ப முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அது தெரியாம நான் எதையும் முடிவு பண்ண முடியாது. நாளைக்கு இந்த ரூம்ல ஆரம்பிக்கிறேன், இடம் கம்மி, நிச்சயமாத் தேவைப்படுற பிள்ளைங்கள மட்டும்தான் இப்ப எடுக்க முடியும். இவள அடுத்த பருவத்துல மறுபடி பாக்கலாம்."

வெளியே வந்தோம். நடைபாதை காலியாக இருந்தது. அவள் வேகமாக நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். தண்ணீர்க் குழாய் அருகே வந்ததும் பிள்ளை நின்றது. குனிந்தது. காலையில் சாப்பிட்டது, மதியம் சாப்பிட்டது எல்லாம் என் செருப்பின்மேல் வந்தது.

வாந்தியைப் பார்த்துப் பதறுகிற ஆள் இல்லை நான். பிள்ளையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், வாயைக் கழுவிவிட்டேன், தரையில் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கை இரண்டும் ஜில்லென்று இருந்தது அதற்கு. சாப்பாடு சேராமல் வந்த வாந்தி இல்லை அது, பயந்து வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டே பிள்ளை கேட்டது: "அம்மா, தப்பிச்சிட்டமா?"

அவள் பிள்ளையின் சட்டையில் தெறித்ததைக் கழுவினாள்.

"நாளைக்கும் தப்பிக்கணுமா?"

அவள் குழாயடித் திண்டில் உட்கார்ந்தாள். நான் செருப்பைக் கழுவினேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, கணக்குச் சொல்லத்தான் தோன்றியது.

"கண் டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்வார்" என்றேன். "அதுக்குள்ள அந்த மேசையச் சுத்தி ஆள் நிறைஞ்சிருக்கும். அடுத்த பருவம் வர்றப்ப இவ இன்னும் நல்லா மறைக்கக் கத்துக்கிட்டிருப்பா. மூணாம் வகுப்பு, நாலாம் வகுப்பு போனா புத்தகம் தடிமனாகும். அத்தனையையும் உன் வீட்டுக்காரர் வாசிக்க முடியுமா?"

"சும்மா இருங்க சிஸ்டர்."

செருப்பை உதறி மாட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். "நீங்க இவளப் பாத்துக்கிட்டு இங்கயே இருங்க. உள்ள வராதீங்க."

"ஏன்?"

"நான் அங்க சொல்லப்போறத நீங்க கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா நாளைக்கு எனக்கு வேல இருக்காது."

"எனக்குத் தெரியாததையா சொல்லப்போற?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் பார்வை.

"எப்ப இருந்து?"

"நீ வந்த மாசத்துல இருந்து. உன் கையில இருந்த யாருக்காவது படுக்கைப் புண் வந்திருக்கா? எனக்கு அது போதும். போ, டீச்சர் கிளம்பிடப் போறாங்க."

போனாள். நான் பிள்ளையோடு நடைபாதையில் நின்றேன். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"டீச்சர், கண்ணு இல்ல டீச்சர். அவளுக்கு வாசிக்க வரல. ஒரு எழுத்துக்கூட ஒழுங்கா வரல. புத்தகம் பூரா மனப்பாடம். நான்தான் சொல்லிக்குடுத்தேன். இருமச் சொன்னது நான், தண்ணி குடிக்கச் சொன்னது நான், சிரிக்கச் சொன்னதும் நான். அந்தக் கண்ணாடி மட்டும் நான் சொல்லிக்குடுக்கல, அத அவளாவே எடுத்துக்கிட்டா."

நாற்காலி நகரும் சத்தம். "உக்காருங்க" என்றார் டீச்சர். பிறகு மூக்கு சிந்தும் சத்தம் கேட்டது, அது யாருடையது என்று தெரியாது.

"உங்களுக்கும் இப்படித்தானா?"

"ஆமா."

"உங்களுக்கு எந்த இடத்துல நின்னுபோகுது?"

அவளை வாசிக்கச் சொன்னவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. "ரெண்டாவது எழுத்துக்குப் போறப்ப முதல் எழுத்து போயிடும்" என்றாள் கடைசியில்.

டீச்சர் சொன்னதெல்லாம் நேரடியாக இருந்தது, எனக்குப் பிடித்தது. பிள்ளையை நாளையிலிருந்து இங்கே எடுத்துக்கொள்கிறேன். தினமும் ஒரு பீரியட் மட்டும், மிச்ச நேரமெல்லாம் அவள் வகுப்பிலேயே அவள் தோழிகளோடுதான். எழுத்துக்கு முன்னால் சத்தம். ஒரு சொல்லைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் காதால் கேட்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், விரலால் மணலில் எழுத வேண்டும். ஒன்று நிற்கும்வரை அடுத்ததுக்குப் போக மாட்டேன். நிறையத் திரும்பத் திரும்ப வரும். ஏழு வயதில் பிடித்தது நல்லது, ஆனால் அவசரப்படக் கூடாது.

"ஒண்ணே ஒண்ணு நீங்க செய்யணும்" என்றார். "வீட்டுல பாடத்த முன்னாடியே வாசிச்சுக் காட்டி மனப்பாடம் பண்ண வைக்கிறத நிறுத்தணும். கத எவ்வளவு வேணா வாசிச்சுக் காட்டுங்க. பாடம் வேண்டாம். இன்னைக்கே."

"ஐயோ டீச்சர், அப்ப கிளாஸ்ல மாட்டிக்குவாளே!"

"மாட்டிக்கட்டும். மாட்டினாத்தான் அவளுக்கு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். வகுப்பு டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன், எழுப்பி வாசிக்கச் சொல்ல மாட்டாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் நம்பவில்லை. வெளியே வந்தவள் முகத்திலேயே தெரிந்தது. சத்தியம் செய்து கொடுத்தாலும் அந்த மூலையும் அந்தத் துடைப்பமும் அவள் தலையிலிருந்து ஒரே சாயங்காலத்தில் போய்விடுமா? பயம் குறையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. இத்தனை நாள் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தாள். இப்போது தானே கொண்டுபோய் மாட்டிவிடுகிறோமே என்று பயந்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளை வழக்கம்போலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தகப்பனிடம் போனது. தாய் குறுக்கே வந்து வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பிள்ளை அழுதது. நாளைக்கு என்ன பாடம் என்று தெரியாமல் பள்ளிக்கூடம் போவது அதற்கு உடுப்பில்லாமல் போவது மாதிரி.

"பாவம்டி, ஒரு தடவ வாசிச்சிடறேன்" என்றார் வெல்டர்.

"வேண்டாம்."

"ஒரு பக்கம்?"

"அந்தப் புத்தகத்தத் தொட்டீங்கன்னா நாளைக்கு நான் நேரா வேலைக்குப் போயிருவேன், நீங்களே இவளக் கொண்டுபோய் விடணும்."

அவர் சட்டியைக் கழுவப் போனார்.

மறுநாள் அவள் வேலைக்குத் தாமதமாக வந்தாள். நான் கேட்கவில்லை. விரிப்பு மடித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

காலையில் பிள்ளைக்கு வயிற்றுவலி. எழுந்திருக்க மாட்டேன் என்றது. தூக்கி நிறுத்தி, பல் தேய்த்துவிட்டு, உடுப்பு மாட்டி, மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். வெல்டர் கேட்வரை வந்தார். அங்கேயே நின்று, பையின் வாரைச் சரிசெய்கிற சாக்கில் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள்தான் பிரித்துக் கூட்டிப்போனாள்.

கடைசி அறையின் வாசலில் பிள்ளை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது. ரேடியோ நின்றுபோயிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடாத நோயாளிகள் எங்களுக்குப் பழக்கம். இழுத்தால் பிடி இன்னும் இறுகும். சுண்டு விரலில் தொடங்க வேண்டும், அது விட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக விடும். அவள் அப்படித்தான் எடுத்தாள். விரல்களைத் தன் உள்ளங்கையில் ஒரு நொடி வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே அனுப்பினாள்.

மேசையைச் சுற்றி ஏற்கெனவே சில பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் மணல் தட்டில் விரலால் ஒரு எழுத்தை எழுதினார். "இதோட சத்தம் என்ன?"

ரேடியோ பக்கத்தில் இருந்த பையனின் உதட்டைப் பார்த்தது. அவன் இதன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்த்துச் சொல்ல ஆளே இல்லை. பிள்ளை திரும்பி வாசலைப் பார்த்தது. அம்மா முகத்தை.

அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியும். தனி எழுத்துகள் அவளுக்குத் தெரியும். உதடு தானாகக் குவிய ஆரம்பித்தது. அதை அவள் உணர்ந்தாள், உணர்ந்த நொடியில் முதுகைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைச் சுவருக்கு நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மூலை, துடைப்பம், சிரிப்பு எல்லாம் மனசுக்குள் வந்துபோயின.

"தெரியல டீச்சர்" என்றது பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை.

"சரி" என்றார் டீச்சர். "கைய குடு, மணல்ல வை."

அவள் சுவரைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், கதவை மெல்லச் சாத்திவிட்டு வேலைக்கு வந்தாள்.